ஒவ்வொரு கையளிப்புக்கும் ஒரு கடதாசி: கப்பலேற்றப்பட்ட ஸ்கொட்லாந்துக் கைதியைத் தேடிய கதை

கிளாஸ்கோவில் வசிக்கும் என் பள்ளித் தோழன் போன வருடம் தொலைபேசியில் ஒரு விடயம் சொன்னான். அவனது பக்கத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்மணி இருக்கிறார். அவரது பாட்டனாரின் பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தாராம். துணி திருடிய குற்றத்துக்காக அவரைக் கப்பலில் ஏற்றித் தஸ்மேனியாவுக்கு அனுப்பியதாகக் குடும்பத்தில் ஒரு வாய்வழிக் கதை. அதற்கு மேல் எதுவும் தெரியாது.

அந்த அம்மையார் ஆறே வாரத்தில் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். கிடைத்தது பெயர் மட்டுமல்ல. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். கண் சாம்பல் நிறம். முகத்தில் அம்மைத் தழும்பு. வலக்கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. அதன் கீழே தாயின் பெயரின் முதலெழுத்துகள்.

இதை நான் இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா கை கழுவப் போனவ திரும்பி வந்து கேட்டா: “தம்பி, உதெல்லாம் ஆர் எழுதி வைச்சது?”

“அரசாங்கம்தான் அம்மா.”

அம்மா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. 2009 மே மாதம் அண்ணனைக் கையளித்துவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. அவனை யார் பொறுப்பெடுத்தார், எந்த வாகனத்தில் ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள் என்று எழுதிய ஒரு வரியும் இல்லை. இதை வாசிக்கும் பலருக்கு இந்த நிலைமையை நான் விளக்கத் தேவையில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இருநூறு வருடத்துக்கு முந்திய ஒரு திருடனைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படிச் சாத்தியமாகிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பின்வந்த மாதங்களில் கிடைத்த நேரமெல்லாம் வாசித்தேன். அப்படித் தெரிந்துகொண்டவையே இக்கட்டுரை.

கப்பலேற்றுதல் என்ற தண்டனை

பிரித்தானியா 1788 முதல் 1868 வரை அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய கைதிகள் 160,000 பேருக்கும் அதிகம். இவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் ஸ்கொட்லாந்து நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டவர். முதலில் நியூ சவுத் வேல்ஸ், பிறகு இன்று தஸ்மேனியா எனப்படும் வான் டீமன்ஸ் லாந்து, கடைசியில் மேற்கு அவுஸ்திரேலியா. தண்டனை ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு அல்லது ஆயுட்காலம். தண்டனை முடிந்தாலும் திரும்பி வரக் கப்பற்காசு எவரும் கொடுக்கமாட்டார்கள். ஆகவே ஏழு ஆண்டு என்பது பலருக்கு ஆயுட்காலம்தான்.

இந்தத் தண்டனை நமது கடலுக்கும் அந்நியமானதல்ல. கண்டியின் கடைசி அரசன் 1816 இல் கப்பலேற்றப்பட்டு, 1832 இல் வேலூரிலேயே இறந்தான். அவனுக்கு எதிராக நின்ற எகலப்பொலவும் பின்னர் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு 1829 இல் அங்கே இறந்தான். சென்னை மாகாணத்திலிருந்தும் ஏராளமான கைதிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது.

ஏன் தேட முடிகிறது?

கருணையினால் எவரும் இந்தப் பதிவுகளை எழுதி வைக்கவில்லை. கணக்குக்காக எழுதினார்கள். ஒரு கைதி பல கைகள் மாறிப் போகிறான். நீதிமன்றம் சிறைக்குக் கொடுக்கிறது. சிறை, ஆற்றிலும் துறைமுகத்திலும் நங்கூரமிட்டு நிற்கும் பழைய போர்க்கப்பற் சிறைக்குக் கொடுக்கிறது. அது பயணக் கப்பலின் தலைவனிடம் கொடுக்கிறது. அவன் ஆளுநரிடம் கொடுக்கிறான். ஆளுநர் அவனை ஒரு பண்ணைக்காரனிடம் வேலைக்குக் கொடுக்கிறார். கொடுத்தவன் தன் கணக்கிலிருந்து ஒரு தலையைக் கழிக்க வேண்டும். வாங்கியவன் தன் கணக்கில் சேர்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கையளிப்பிலும் ஒரு பட்டியல் பிறந்தது.

பட்டியல் இருந்தால் மட்டும் உயிர் தப்பிவிடாது என்பதற்கும் இதே வரலாற்றில் சாட்சி உண்டு. 1790 இல் சிட்னியை அடைந்த இரண்டாவது கப்பற்றொகுதியில் ஏறத்தாழ ஆயிரம் கைதிகளில் கால்வாசிப் பேர் கடலிலேயே செத்துப்போனார்கள். காரணம் எளிமையானது. ஒப்பந்தக்காரருக்கு ஏற்றிய தலைக்குக் காசு கொடுக்கப்பட்டது, உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. செத்தவனின் சாப்பாடு ஒப்பந்தக்காரருக்கு மிச்சம். அந்தக் கொடுமை வெளியே வந்த பிறகுதான் உயிரோடு சேர்ப்பதற்கும் பணம் என்ற ஏற்பாடு வந்தது. பிற்காலத்தில் கப்பல்தோறும் ஒரு மருத்துவர் அமர்த்தப்பட்டு, யாருக்கு என்ன நோய், யார் எந்த நாளில் இறந்தார் என்று நாட்குறிப்பு எழுத வேண்டும் என்ற விதியும் வந்தது. கணக்குக் கேட்க ஆள் இருந்தபோது சாவு குறைந்தது.

படி ஒன்று: எந்த நீதிமன்றம்?

ஸ்கொட்லாந்துக் கைதியைத் தேடுபவர்கள் முதலில் விடும் பிழை, லண்டன் நீதிமன்றப் பதிவுகளில் தேடுவது. 1707 இல் இங்கிலாந்துடன் இணைந்த பிறகும் ஸ்கொட்லாந்து தன் சட்டத்தையும் நீதிமன்றங்களையும் தனியாகவே வைத்துக்கொண்டது. கப்பலேற்றும் தண்டனையை அங்கே உயர் குற்றவியல் நீதிமன்றம் மட்டுமே விதிக்கலாம். அந்த நீதிபதிகள் எடின்பரோவில் இருந்தார்கள். ஆண்டுதோறும் கிளாஸ்கோ, பேர்த், அபர்டீன், இன்வர்னஸ், டம்ஃப்ரீஸ் போன்ற நகரங்களுக்குச் சுற்றிலும் போனார்கள். அவர்களின் பதிவுகள் இன்று எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அங்கே மிகப் பெறுமதியான கடதாசி தீர்ப்பல்ல. விசாரணைக்கு முன்பு எடுத்த வாக்குமூலங்கள்தான். பிடிபட்டவர் என்ன தொழில் செய்தார், எங்கே பிறந்தார், அன்று எங்கே நின்றார் என்று அவரே சொன்னதை ஓர் எழுத்தர் எழுதியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழையின் வாய்ச்சொல் இருநூறு ஆண்டு கழித்தும் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பெரும்பாலும் இதுதான்.

பெண்களைத் தேடும்போது இன்னொரு விடயம். ஸ்கொட்லாந்துச் சட்ட ஆவணங்களில் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் கணவன் பெயரையும் ‘அல்லது’ என்று சேர்த்தே எழுதுவார்கள். கடல் கடந்த பிறகு எழுத்தர் இரண்டில் ஒன்றை மட்டும் எழுதிவிடுவார். ஆகவே இரண்டு பெயரிலும் தேட வேண்டும். எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஆளுக்கு மூன்று விதமான எழுத்து இருக்கும்.

படி இரண்டு: எந்தக் கப்பல்?

தண்டனை பெற்றவர்களை ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகம் போன்ற இடங்களிலிருந்து கடல்வழியாகத் தெற்கே கொண்டுபோய், மிதக்கும் சிறைக்கப்பல்களில் அடைத்தார்கள். அங்கே சில மாதம், சில வேளை ஆண்டுக்கணக்கு. பிறகு பயணக் கப்பல். கப்பல் வாரியாக எழுதிய பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றின் பிரதிகளை வைத்து அவுஸ்திரேலிய நூலகங்கள் இலவசத் தேடல் வசதியும் செய்திருக்கின்றன.

அந்தப் பதிவேட்டில் பெயர், எந்த நீதிமன்றம், எந்தத் திகதி, எத்தனை ஆண்டு என்ற விபரங்கள்தான் இருக்கும். பார்த்தால் வறண்ட பட்டியல். ஆனால் நீதிமன்றமும் திகதியும்தான் சாவி. ஒரே பெயரில் பத்து ஜோன் ஸ்மித் இருந்தாலும், ஒரே நாளில் ஒரே நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் பெரும்பாலும் ஒருவர்தான். எங்கள் பக்கத்திலும் ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

படி மூன்று: இறங்கிய இடம்

இறங்கிய பிறகு கைதியின் பெயரோடு கப்பலின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். அவர் திருமணம் செய்ய அனுமதி கேட்டாலும், சவுக்கடி வாங்கினாலும், செத்தாலும், ‘இன்ன கப்பலில் வந்த இன்னார்’ என்றே எழுதுவார்கள். அதனால்தான் கப்பலின் பெயர் தெரியாமல் அவுஸ்திரேலியப் பதிவுகளுக்குள் போவதில் பலன் குறைவு.

தஸ்மேனியாவின் பதிவுகள் இவற்றில் மிக விரிவானவை. உயரம், தோல், தலைமுடி, புருவம், மூக்கு, தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் இருக்கும். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று அதே விபரங்களைத் தம் முன்னோரின் முகத்தை அறிய வழித்தோன்றல்கள் வாசிக்கிறார்கள். அடுத்து நன்னடத்தை அனுமதிச்சீட்டு, நிபந்தனை மன்னிப்பு, முழு மன்னிப்பு, விடுதலைச் சான்றிதழ் என்று கடதாசிகள் தொடரும். அவுஸ்திரேலியாவின் கைதிப் பதிவுகள் 2007 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. தஸ்மேனியப் பதிவுகளை எங்கிருந்தும் இலவசமாகப் பார்க்கலாம். நான் முல்லைத்தீவில் இருந்தபடி, கைத்தொலைபேசியில் பார்த்தேன்.

தோமஸ் வட்லிங் என்ற ஓவியன்

இந்தப் படிகளெல்லாம் ஒரு மனிதனின் வாழ்வில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் ஒருவரைத் தொடர்ந்து போனேன். தோமஸ் வட்லிங். ஸ்கொட்லாந்தின் தென்பகுதியிலுள்ள டம்ஃப்ரீசில் 1762 இல் பிறந்தவர். பெற்றோர் சிறு வயதிலேயே இல்லாமற் போக, மணமாகாத சித்தி ஒருவர் வளர்த்தார். வட்லிங் அவ்வூரில் சித்திரம் கற்பித்துப் பிழைத்தார்.

ஸ்கொட்லாந்து வங்கியின் கினி நோட்டுகளைப் போலியாக வரைந்தார் என்று அவர் பிடிபட்டார். அந்தக் காலத்தில் அதற்குத் தூக்கு. குற்றத்தை மறுத்தார். ஆனால் வழக்காடித் தூக்குமேடைக்குப் போகும் ஆபத்தை எடுக்காமல், தன்னைக் கப்பலேற்றுமாறு தானே கேட்டார். 1789 இல் டம்ஃப்ரீசுக்குச் சுற்றில் வந்த நீதிமன்றம் பதினான்கு ஆண்டு விதித்தது. இது முதற் கடதாசி.

பிறகு பிளிமத் துறைமுகத்தில் ‘டன்கேர்க்’ என்ற சிறைக்கப்பல். 1791 இல் ‘பிட்’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டார். அது கேப் டவுனில் நின்றபோது தப்பி ஓடினார். அன்று அந்த ஊர் ஒல்லாந்தர் கையில். அவர்கள் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்து, அடுத்து வந்த ‘ரோயல் அட்மிரல்’ கப்பலில் ஏற்றிவிட்டார்கள். 1792 ஒக்டோபரில் சிட்னியில் இறங்கினார். ‘பிட்’ கப்பலின் பட்டியலை மட்டும் பார்த்தவர் வட்லிங் அந்தக் கப்பலில் வந்து இறங்கினார் என்றே நினைப்பார். ஏறியவர் பட்டியலும் இறங்கியவர் பட்டியலும் இரண்டும் இருந்தால்தான் இடையில் நடந்தது தெரியவரும். இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன்.

சிட்னியில் அவரை குடியேற்றத்தின் தலைமை மருத்துவர் ஜோன் வைட்டிடம் வேலைக்குக் கொடுத்தார்கள். வைட் இயற்கை ஆய்வில் நாட்டமுள்ளவர். பறவை, செடி, மீன், மனிதர் என்று வட்லிங் அவருக்காக வரைந்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வட்லிங் தொகுப்பு என்ற பெயரில் ஏறத்தாழ ஐந்நூறு சித்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் அவரது கையொப்பம் உண்டு. மற்றவற்றை வரைந்தவர்கள் யார் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கையொப்பம் போட்டவன் வரலாற்றில் தங்குகிறான்.

அந்தச் சித்திரங்களில் அந்த மண்ணின் மக்களும் இருக்கிறார்கள். கொல்பி, அவர் மனைவி தாரிங்கா போன்றவர்களின் முகங்களைப் பெயரோடு வட்லிங் வரைந்தார். அவர் வருவதற்கு மூன்று ஆண்டு முன்புதான், 1789 இல், சிட்னியைச் சுற்றியிருந்த அம்மக்களைப் பெரியம்மை வாரிக்கொண்டு போயிருந்தது. கப்பலேற்றப்பட்ட கைதிக்கு நிறமும் உயரமும் எழுதி வைத்த அதே ஆட்சி, நிலத்தைப் பறிகொடுத்தவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பட்டியல் போடவில்லை. அவர்கள் எவருடைய கணக்கிலும் இல்லை. பதிவேடு என்பது யாரை எண்ண வேண்டும் என்று ஆட்சி நினைத்ததோ அவர்களின் பதிவேடு. இதை மறந்து அதை மெச்சக்கூடாது.

சித்திக்கு எழுதிய கடிதம்

வட்லிங் தன் சித்திக்குக் கடிதங்கள் எழுதினார். அவை 1794 அளவில் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பென்ரித்தில் சிறு நூலாக அச்சாகின. அதில் அரசாங்கப் பட்டியலில் இல்லாதது எல்லாம் இருக்கிறது. தன் எசமான் மேல் கோபம். தன் திறமையை வேறொருவர் விற்றுத் தின்கிறார் என்ற கசப்பு. தன்னைப் பெற்ற தாய்க்கு நிகரான ஒருத்தியை இனிக் காண்போமா என்ற ஏக்கம். ஒருவனை அரசாங்கம் எப்படிப் பார்த்தது என்பதற்குப் பதிவேடு. அவன் தன்னை எப்படிப் பார்த்தான் என்பதற்குக் கடிதம். இரண்டும் சேர்ந்தால்தான் ஆள்.

1796 இல் நிபந்தனை மன்னிப்பும், 1797 இல் முழு மன்னிப்பும் கிடைத்தன. அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போய் 1801 முதல் 1803 வரை சிறு உருவப்படங்கள் வரைந்து வாழ்ந்தார். பிறகு ஸ்கொட்லாந்துக்கே திரும்பினார். ஆனால் 1806 இல் மறுபடியும் போலி நோட்டு வழக்கு, எடின்பரோவில். இந்த முறை ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற, ஸ்கொட்லாந்துச் சட்டத்துக்கே உரிய தீர்ப்போடு வெளியே வந்தார். குற்றவாளியும் இல்லை, சுத்தவாளியும் இல்லை.

அதன்பின் லண்டனில் வறுமையிலும் புற்றுநோயிலும் கிடந்து, உதவி கேட்டு அலைந்தது தெரிகிறது. பிறகு ஒன்றுமில்லை. அவர் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்ற பதிவு இதுவரை எவருக்கும் அகப்படவில்லை. அவர் கைதியாக இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு அசைவும் எழுதப்பட்டிருக்கிறது. ஏழையாகச் செத்தபோது எழுத ஆளில்லை.

வெட்கம் மாறிய விதம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெடுங்காலம் அவுஸ்திரேலியக் குடும்பங்கள் கைதி முன்னோரை வாயே திறக்காமல் மறைத்தன. பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பெயரை மாற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்த வெட்கம் கழன்று, இன்று கைதி வழி வந்தவர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் கேட்டிருக்க வேண்டிய கிழவிகள் எல்லாரும் செத்துப்போனார்கள். கடதாசி மிஞ்சியது, வாய்க்கதை போய்விட்டது. எங்களிடம் இருப்பது இதற்கு நேர்மாறு. கடதாசி இல்லை. வாய்க்கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதுவும் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு தாயாகக் குறைந்துகொண்டு போகிறது.

ஆகவே அந்த ஸ்கொட்லாந்து அம்மையாரிடமிருந்து நாங்கள் எடுக்கக்கூடியது ஒன்று உண்டு. தேடலுக்கு உதவும் விபரங்கள் எவை என்று அந்தப் பதிவேடுகளே சொல்லித் தருகின்றன. கடைசியாகக் கண்ட இடம், நாள், நேரம். கையளித்தபோது பக்கத்தில் நின்றவர்களின் பெயர். ஏற்றிய வாகனம் எப்படிப்பட்டது, எந்தப் பக்கம் போனது. அதே நாளில் கூடப் போனவர்கள் யார். பெயரை எத்தனை விதமாக எழுதலாம், வீட்டுப் பெயர் என்ன. உயரம், பல், தழும்பு, முறிந்த எலும்பு. முறைப்பாடு கொடுத்தால் அதன் பிரதியும் இலக்கமும் திகதியும். இவற்றை எழுதி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியதோடு பொருத்திப் பார்க்கும் நாள் வரும்போது, ‘கூடப் போனவர்கள்’ என்ற அந்த ஒரு வரி ஒரு கப்பலின் பெயரைப் போல வேலை செய்யும்.

அதற்காக எழுத வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. பொறுப்பெடுத்தவர்தான் எழுதியிருக்க வேண்டும். திருடனையும் கள்ள நோட்டுக்காரனையும் கப்பலில் ஏற்றிய, இரக்கமே இல்லாத ஒரு பேரரசு 1791 இல் எழுதியது. அதைவிடக் குறைந்ததை எவரும் எங்களிடம் ஏற்றுக்கொள்ளச் சொல்ல முடியாது.

வட்லிங்கின் கதையை நான் அம்மாவுக்கு முழுதாகச் சொல்லி முடித்தபோது அவ கேட்டது ஓவியங்களைப் பற்றி அல்ல.

“அந்தச் சித்தி பாவம். கடைசி மட்டும் இருந்தவவோ, அவன் திரும்பி வரேக்கை?”

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “கொண்ணனுக்கு இடப்பக்கப் புருவத்திலை ஒரு வெட்டுக்காயம் இருக்கெல்லே. கிணத்துக்கட்டிலை விழுந்தது. அதை ஆரும் எழுதினவையோ?” என்றா.

நான் எழும்பிப் போய் ஒரு கொப்பி எடுத்து வந்தேன். முதல் வரியில் அண்ணனின் முழுப்பெயரை எழுதினேன். இரண்டாவது வரியில் அந்தக் காயத்தை எழுதினேன். மிச்சத்தை அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு பக்கம் வந்திருக்கிறது.